மிளகாயும் காரம், சுண்ணாம்பும் காரமா?

போன இதழில் ஒரு பதிலின் கடைசியில், மஞ்சள் தடவிய தாளைச் சோப்புத் தண்ணீரில் நனைத்தால் சிவக்கும் என்று நான்கு வரி எழுதியிருந்தேன். அதை வீட்டில் செய்துபார்த்துவிட்டு எழுதியவர்களின் கடிதங்கள்தான் இந்த முறை அதிகம். திருச்சி மாவட்டத்து அரசுப் பள்ளிகளில் 31 ஆண்டுகள் வேதியியல் நடத்தியவள் நான். அமிலம், காரம் பாடம் இல்லாமல் ஒரு ஆண்டும் போனதில்லை. அதனால் இந்த இதழ் முழுக்க அந்தக் கேள்விகளையே எடுத்துக்கொண்டேன்.

எங்கள் அறிவியல் புத்தகத்தில் அமிலம், காரம் என்று பாடம் இருக்கிறது. மிளகாயும் காரமாகத்தானே இருக்கிறது, அப்படியென்றால் அதுவும் ஒரு காரமா? வகுப்பில் கேட்டேன், எல்லோரும் சிரித்துவிட்டார்கள்.
– ஏழாம் வகுப்பு மாணவி, லால்குடி

சிரித்தவர்களை விடு, அம்மா. இதை வாய்விட்டுக் கேட்ட பிள்ளைகள் என் வகுப்பில் மிகக் குறைவு. கேட்காமல் மனதுக்குள் குழம்பியவர்கள்தான் நிறைய. 'காரங்களுக்கு எடுத்துக்காட்டு தருக' என்றால் மிளகாய், மிளகு என்று எழுதிய விடைத்தாள்களை ஆண்டுதோறும் திருத்தியிருக்கிறேன். அது பிள்ளைகளின் தவறு இல்லை. நாக்குக்கும் ஆய்வகத்துக்கும் ஒரே சொல்லைக் கொடுத்துவிட்டு, இரண்டும் வேறு வேறு என்று முதல் நாளே சொல்லாமல் விட்ட எங்கள் தவறு.

மிளகாய் வேதியியல் சொல்லும் காரம் இல்லை. பச்சை மிளகாயை நசுக்கி அதன் சாற்றை மஞ்சள் தாளில் தேய்த்துப் பார், தாள் சிவக்காது. (தேய்த்த கையைக் கண்ணில் வைத்துவிடாதே.) உண்மையில் அந்தச் சாறு லேசான அமிலம்.

அப்புறம் ஏன் நாக்கு எரிகிறது? மிளகாயில் கேப்சைசின் என்று ஒரு பொருள் இருக்கிறது. நம் நாக்கிலும் தோலிலும் சூட்டை உணர்வதற்கென்றே நரம்பு முனைகள் உண்டு. ஏறக்குறைய 43 டிகிரிக்கு மேல் சூடு பட்டால் அவற்றில் ஒரு சிறு கதவு திறந்து, 'சுடுகிறது' என்று மூளைக்குச் செய்தி போகும். கேப்சைசின் போய் ஒட்டிக்கொண்டாலும் அதே கதவு திறந்துகொள்கிறது. நெருப்பு இல்லாமலேயே சுடுகிறது என்ற செய்தி போய்விடுகிறது. இந்தக் கதவைக் கண்டுபிடித்த டேவிட் ஜூலியஸ் 2021ஆம் ஆண்டு மருத்துவத்துக்கான நோபல் பரிசைப் பெற்றவர்களில் ஒருவர். கேப்சைசின் தண்ணீரில் கரையாது, கொழுப்பில் கரையும். சொம்பு சொம்பாகத் தண்ணீர் குடித்தும் அடங்காத எரிச்சல் ஒரு வாய் தயிரிலோ பாலிலோ அடங்குவது அதனால்தான்.

வேதியியலில் காரம் என்பது தண்ணீரில் கரைந்து ஹைட்ராக்சைடு அயனியை (மின்னூட்டம் கொண்ட ஒரு துகளை) தரும் பொருள். சுண்ணாம்பு அப்படிப்பட்டது, எரிசோடாவும் அப்படிப்பட்டது. விரலில் பட்டால் வழவழ என்று இருக்கும். உன் தோலில் உள்ள எண்ணெய்ப் பசையை அது சோப்பாக மாற்றத் தொடங்கியதால் வரும் வழவழப்பு அது. 'காரங்கள் கசக்கும்' என்று புத்தகத்தில் போட்டிருக்கும். படித்துக்கொள், ஆனால் எதையும் நாக்கில் வைத்துப் பார்க்காதே. எரிசோடா நாக்கையே புண்ணாக்கிவிடும்.

இந்தச் சொல் எங்கிருந்து வந்தது என்று தெரிந்தால் உனக்கு இன்னும் தெளிவாகும். க்ஷாரம் என்ற வடமொழிச் சொல்லோடு உறவுள்ளது இது. செடிகொடிகளை எரித்த சாம்பலைக் கரைத்து எடுக்கும் கடுமையான உப்புக்கு அந்தப் பெயர். ஆங்கிலத்தில் வழங்கும் ஆல்கலி என்ற சொல்லும் சாம்பலைக் குறிக்கும் அரபுச் சொல்லிலிருந்து வந்ததுதான். உன் வீட்டில் விறகடுப்பு இருந்தால் ஒரு பிடி சாம்பலைத் தண்ணீரில் கரைத்துத் தெளியவிடு. தெளிவில் மஞ்சள் தாளை நனை, செக்கச்செவேல் என்று ஆகும். நம் பாட்டிமார்கள் சாம்பல் போட்டுப் பாத்திரம் துலக்கியபோது எண்ணெய்ப் பிசுக்கை எடுத்தது அந்தக் காரம்.

இதே பெயர் ஒட்டிக்கொண்ட பொருள்கள் வீட்டில் இன்னும் சில உண்டு. சோப்புக்குப் பழைய பெயர் சவுக்காரம், அது காரத்தன்மை உள்ளதுதான். வெங்காரமும் அப்படியே. ஆனால் முடிதிருத்தும் கடையில் முகம் மழித்தபின் தடவுகிற படிகாரம் இருக்கிறதே, அது பெயரில்தான் காரம். அதன் கரைசலில் நீல லிட்மஸ் தாளை நனைத்தால் சிவப்பாகிவிடும், அதாவது அமிலத்தன்மை. பெயரைப் பார்த்து முடிவு கட்டாமல் தாளை நனைத்துப் பார்த்துச் சொல்வதுதான் வேதியியல். உன் வகுப்பில் இதைச் செய்து காட்டு.

நான் பள்ளி படித்தது யாழ்ப்பாணத்தில். அங்கே 'அமிலம், மூலம்' என்று படித்தோம். இங்கே என் மகள் 'அமிலம், காரம்' என்று படிக்கிறாள். எது சரி?
– வாசகர், சென்னை

இரண்டும் சரி. இலங்கைப் பாடநூல்களில் மூலம் என்பது பொதுப்பெயர். அவற்றில் தண்ணீரில் கரைபவை மட்டும் காரம். தமிழ்நாட்டில் பொதுப்பெயர் காரம், தண்ணீரில் கரைபவை எரிகாரம். வீட்டில் இரண்டு பெயரும் புழங்கினால் மகள் குழம்பாமல் இருக்க இதை ஒருமுறை எழுதிக் காட்டுங்கள்.

எனக்கு உங்கள் ஊர்ச் சொல் ஒன்றின்மேல் தனி அன்பு உண்டு. நாங்கள் லிட்மஸ் தாள் என்று அப்படியே சொல்லிக்கொண்டிருக்கும்போது நீங்கள் பாசிச்சாயத்தாள் என்றீர்கள். பாறையிலும் மரப்பட்டையிலும் படர்கிற, பாசியும் பூஞ்சையும் சேர்ந்து வாழும் லைக்கன் என்ற உயிரிலிருந்து எடுக்கும் சாயம் அது. பெயரைச் சொன்னாலே அது எங்கிருந்து வந்தது என்று பிள்ளைக்குத் தெரிந்துவிடுகிறது.

வெள்ளை வேட்டியில் சாம்பார் சிந்திய இடத்தில் சோப்புப் போட்டதும் ரத்தம் போலச் சிவந்துவிட்டது. அலசினால் மறுபடி மஞ்சள். வேட்டி கெட்டுவிட்டதா? நீங்கள் சொன்ன மஞ்சள் தாளும் இதுவும் ஒன்றுதானா?
– இல்லத்தரசி, மதுரை

ஒன்றேதான். உங்கள் வேட்டியே மஞ்சள் தாளாகிவிட்டது. மஞ்சளில் உள்ள குர்குமின் என்ற நிறமி அமிலத்திலும் வெறும் தண்ணீரிலும் மஞ்சளாக இருக்கும், காரம் பட்டால் செம்பழுப்பாக மாறும். சோப்பு காரத்தன்மை உடையது. அலசியதும் சோப்புப் போய்விடுகிறது, நிறமும் திரும்பிவிடுகிறது. துணி கெடவில்லை. அந்தக் கறையை ஈரத்தோடு நல்ல வெயிலில் காயவையுங்கள். குர்குமின் வெளிச்சம் தாங்காது, இரண்டு மூன்று வெயிலில் மங்கிவிடும்.

ஆரத்தி கரைக்கும்போதும் இதைத்தான் செய்கிறோம். மஞ்சள் தண்ணீரில் ஒரு துளி சுண்ணாம்பு விட்டதும் தட்டு முழுக்கச் சிவக்கிறதே! மணமக்கள் வாசலில் நிற்கும்போது பக்கத்தில் நிற்கிற குழந்தையிடம் 'இதில் ஒரு மூடி எலுமிச்சம்பழம் பிழிந்தால் என்ன ஆகும்?' என்று கேட்பது என் வழக்கம். மீந்த ஆரத்தித் தண்ணீரைத் தனியாக எடுத்து, கொல்லைப்புறத்தில் பிழிந்தும் காட்டிவிடுவேன். சிவப்பு ஓடிப்போய் மஞ்சள் வந்துவிடும். பார்த்த பிள்ளைகள் மறப்பதில்லை.

மஞ்சள் தாள் சரியாக வரவில்லை என்று சிலர் எழுதியிருந்தீர்கள். மஞ்சள்தூள் தண்ணீரில் நன்றாகக் கரையாது. மருந்துக்கடையில் கிடைக்கும் சர்ஜிகல் ஸ்பிரிட்டில் ஒரு சிட்டிகை மஞ்சள்தூளைக் கலக்கி, அதில் வடிதாளையோ கெட்டியான வெள்ளைத் தாளையோ நனைத்து நிழலில் உலர்த்துங்கள். ஸ்பிரிட் சட்டென்று தீப்பிடிக்கும், அடுப்பு எரியும் இடத்தில் வேண்டாம்.

இந்தத் தாளுக்கு ஒரு குறை உண்டு. காரத்தைக் காட்டும், அமிலத்தைக் காட்டாது. எலுமிச்சைச் சாற்றில் நனைத்தாலும் மஞ்சளாகவே இருக்கும். அதற்கு ஒரு வழி: தாளைச் சோப்புத் தண்ணீரில் தொட்டுச் சிவக்கவைத்துவிட்டு, அதன்மேல் சாற்றை விடுங்கள். இல்லையென்றால் செம்பருத்தி இருக்கவே இருக்கிறது. நாலைந்து இதழ்களை வெந்நீரில் போட்டு வடிகட்டினால் போதும். அமிலத்தில் அடர்ந்த இளஞ்சிவப்பு, காரத்தில் பச்சை. ராபர்ட் பாயில் 1664இல் வயலட் பூச்சாறு அமிலத்தில் சிவப்பாகவும் காரத்தில் பச்சையாகவும் மாறுவதை எழுதிவைத்தார். அவர் பூவைவிட நம் செம்பருத்தி எந்த விதத்திலும் குறைந்ததில்லை.

அமிலத்தில் தண்ணீர் ஊற்றக்கூடாது, தண்ணீரில்தான் அமிலம் ஊற்ற வேண்டும் என்கிறார்கள். எதில் எதை ஊற்றினாலும் கலவை ஒன்றுதானே?
– பதினோராம் வகுப்பு மாணவர், துறையூர்

கலந்து முடிந்தபின் ஒன்றுதான், தம்பி. கலக்கும் அந்தச் சில நொடிகள்தான் வேறு.

அடர் கந்தக அமிலமும் தண்ணீரும் சேர்ந்தால் கடும் வெப்பம் வெளிவரும். அமிலம் தண்ணீரைப்போல 1.84 மடங்கு எடை கொண்டது. நீ அமிலத்தின்மேல் தண்ணீரை ஊற்றினால், எடை குறைந்த தண்ணீர் மேலேயே நின்றுவிடும். தொட்டுக்கொண்டிருக்கும் இடத்தில் பிறக்கும் வெப்பம் முழுவதும் அந்தக் கொஞ்சத் தண்ணீருக்கே போகும். அது அங்கேயே கொதித்து, அமிலத்தையும் சேர்த்துக்கொண்டு மேலே தெறிக்கும். நிறையத் தண்ணீரில் அமிலத்தைச் சிறிது சிறிதாக, கண்ணாடிக் குச்சி வழியே இறக்கினால், அமிலம் கீழே இறங்கிப் பரவும். அத்தனை தண்ணீரும் வெப்பத்தைப் பங்கிட்டுக்கொள்ளும்.

இதை நான் புத்தகத்திலிருந்து மட்டும் சொல்லவில்லை. வேலைக்குச் சேர்ந்து ஐந்தாம் ஆண்டு. ஒரு பள்ளியில் ஆய்வக உதவியாளர் இடம் காலியாகவே இருந்தது. செய்முறை வகுப்புக்கு முந்தைய நாள் மாலை நானே கரைசல்களைத் தயாரித்துக்கொண்டிருந்தேன். உதவிக்கு வந்த பன்னிரண்டாம் வகுப்புப் பெண்ணிடம் 'அந்தக் குடுவையில் தண்ணீர் ஊற்றம்மா' என்று சொன்னேன். அதில் நான் ஏற்கெனவே அமிலம் விட்டிருந்தேன். பாட்டிலைத் திரும்ப அலமாரியில் வைக்கப் போன அந்த நேரத்தில், சொல்ல வேண்டியதைச் சொல்ல மறந்தேன். 'டப்' என்று ஒரு சத்தம். அவள் வலது மணிக்கட்டிலும் தாவணியிலும் தெறித்துவிட்டது.

தண்ணீர்க் குழாய் ஆய்வகத்துக்கு வெளியே, வராந்தாவின் கோடியில் இருந்தது. அவளை இழுத்துக்கொண்டு ஓடி, குழாயைத் திறந்து அதன் கீழே கையைப் பிடித்தேன். தாவணியைக் கழற்றச் சொல்லி என் புடவைத் தலைப்பால் மூடினேன். அரைமணி நேரம் அந்தக் குழாயடியிலேயே நின்றோம். 'மிஸ், சோடா உப்பு போட்டால் அமிலம் நடுநிலை ஆகிவிடும்தானே, நீங்கள்தானே சொல்லிக்கொடுத்தீர்கள்?' என்று அழுதுகொண்டே கேட்டாள். பாடத்தை எவ்வளவு நன்றாகப் படித்திருந்தாள்! ஆனால் தோலில் அதைச் செய்யக்கூடாது. அமிலமும் காரமும் ஒன்றையொன்று முறிக்கும் நடுநிலையாக்கலும் வெப்பத்தைத் தரும். வெந்த இடம் இன்னும் வேகும், சோடா தேடி ஓடும் நேரமும் வீணாகும். ஓடும் தண்ணீர்தான் மருந்து, குறைந்தது 20 நிமிடம். அதற்கப்புறம் மருத்துவமனை.

இரண்டு புள்ளி அளவு தழும்போடு தப்பித்தாள். அன்றிலிருந்து ஓய்வு பெறும்வரை, ஒரு வாளி நிறையத் தண்ணீரும் சொம்பும் மேசைக்குப் பக்கத்தில் இல்லாமல் நான் அமிலப் பாட்டிலைத் திறந்ததில்லை. குடுவையில் என்ன இருக்கிறது என்று எழுதி ஒட்டாமல் யார் கையிலும் கொடுத்ததும் இல்லை. உன் ஆய்வகத்தில் வாளி இல்லை என்றால் கேள், தம்பி. கேட்க உனக்கு உரிமை இருக்கிறது.

கழிவறையில் ஆசிட் ஊற்றித் தேய்த்தும் மஞ்சள் கறை போகவில்லை. மேலே பிளீச்சிங் பவுடரைத் தூவினேன். மூச்சு அடைத்து, கண் எரிந்து வெளியே ஓடிவந்துவிட்டேன். ஏன் அப்படி ஆயிற்று?
– பெயர் வேண்டாம் என்று எழுதிய வாசகி, கரூர்

அம்மா, உயிர் பிழைத்தீர்கள். இனி ஒருபோதும் அப்படிச் செய்யாதீர்கள். ஆசிட் என்று விற்பது ஹைட்ரோகுளோரிக் அமிலம். அது பிளீச்சிங் பவுடரோடு சேர்ந்தால் குளோரின் வாயு வரும். முதல் உலகப்போரில் 1915 ஏப்ரல் 22ஆம் தேதி பெல்ஜியத்தின் ஈப்ர நகருக்குப் பக்கத்தில் படைவீரர்கள்மீது திறந்துவிட்டார்களே, அதே வாயு. கதவைச் சாத்திக்கொண்டு தேய்க்கும் சிறிய கழிவறையில் அது நிறைய வேண்டியதில்லை.

பாட்டிலில் வரும் திரவ பிளீச்சும் அப்படித்தான். அமிலம் கலந்த கழிவறைத் துப்புரவுத் திரவம் எதனோடும், வினிகரோடும்கூட, அதைச் சேர்க்காதீர்கள். ஒன்றைப் பயன்படுத்தினால் நிறையத் தண்ணீர் விட்டு முழுக்க அலசிவிட்டு, மற்றதை இன்னொரு நாள் வைத்துக்கொள்ளுங்கள். தப்பித்தவறி நடந்துவிட்டால் அதைச் சுத்தம் செய்ய நிற்க வேண்டாம். அப்படியே விட்டுவிட்டு வெளிக்காற்றுக்கு வந்துவிடுங்கள். மூச்சுத்திணறல் சில மணிநேரம் கழித்தும் வரலாம், அதனால் மருத்துவரைப் பார்த்துவிடுவது நல்லது. உங்கள் வீட்டில் வேலை செய்ய வருகிறவர்களுக்கும் இதைச் சொல்லுங்கள். அவர்களிடம் இரண்டு டப்பாவையும் கொடுத்துவிட்டுப் போகும் வீடுகள் நிறைய.

எங்கள் நிலம் களர். மண் பரிசோதனையில் பி.எச். 9.1 என்று வந்தது. ஜிப்சம் போடச் சொல்கிறார்கள். காரத்தை முறிக்க அமிலம் வேண்டும் என்றுதானே பள்ளியில் படித்தோம், ஜிப்சம் அமிலமா?
– விவசாயி, மணிகண்டம்

ஐயா, உங்கள் கேள்வி எனக்கு மிகவும் பிடித்தது. பள்ளியில் படித்ததை வயலில் வைத்துப் பார்த்திருக்கிறீர்கள். (மற்ற வாசகர்களுக்கு: களர் என்றால் காரத்தன்மை மிகுந்த நிலம். பி.எச். என்பது அமிலத்தையும் காரத்தையும் அளக்கும் எண். 7 நடுநிலை, அதற்குக் கீழே அமிலம், மேலே காரம்.)

ஜிப்சம் அமிலம் இல்லை. கால்சியம் சல்பேட் என்ற உப்பு, ஏறக்குறைய நடுநிலையானது. ஆனாலும் வேலை செய்கிறது. எப்படி என்றால், களர் மண்ணின் களித்துகள்களின்மேல் சோடியம் ஒட்டிக்கொண்டிருக்கிறது. சோடியம் ஒட்டிய களி தண்ணீர் பட்டால் கலைந்து குழம்பும், காய்ந்தால் இறுகிப் பாளம் பாளமாக வெடிக்கும். தண்ணீர் கீழே இறங்காது, வேருக்குக் காற்றுப் போகாது. ஜிப்சத்தில் உள்ள கால்சியம் சோடியத்தைத் தள்ளிவிட்டு அந்த இடத்தில் தான் உட்கார்ந்துகொள்ளும். தள்ளப்பட்ட சோடியம், சோடியம் சல்பேட்டாகத் தண்ணீரில் கரையும். மண்ணின் காரத்துக்கு முக்கியக் காரணமான சோடியம் கார்பனேட்டையும் ஜிப்சம் மாற்றிவிடுகிறது, அது கரையாத சுண்ணாம்புக் கல்லாக மண்ணிலேயே தங்கிவிடும்.

ஆகவே ஜிப்சத்தைப் போட்டுவிட்டு அப்படியே விட்டால் பயன் இல்லை. தண்ணீரைத் தேக்கி, கரைந்த சோடியத்தை வடிகாலில் வெளியேற்ற வேண்டும். வடிகால் இல்லாத வயலில் எத்தனை மூட்டை போட்டாலும் சோடியம் அங்கேதான் சுற்றிக்கொண்டிருக்கும். அப்புறம் தக்கைப்பூண்டு விதைத்து, பூக்கும் பருவத்தில் மடக்கி உழுங்கள். அது மக்கும்போது கரியமில வாயுவும் சில அமிலங்களும் வெளிவரும். நீங்கள் பள்ளியில் படித்த நடுநிலையாக்கல் நிஜமாக நடப்பது இந்த இடத்தில்தான்.

ஏக்கருக்கு எவ்வளவு என்பதை உங்கள் மண்ணின் பரிசோதனைதான் சொல்ல வேண்டும், நான் சொல்லக்கூடாது. உங்களுக்குப் பக்கத்திலேயே நாவலூர் குட்டப்பட்டில் அன்பில் தர்மலிங்கம் வேளாண்மைக் கல்லூரி இருக்கிறது. களர் நிலத்தைத் தாங்கும் டி.ஆர்.ஒய். நெல் ரகங்கள் வந்த இடம் அது. நேரில் போய்க் கேளுங்கள்.

இதற்கு நேர்மாறானது நீலகிரி. அங்கே மண் அமிலம். தேயிலைக்கு 4.5 முதல் 5.5 வரையான பி.எச்.தான் பிடிக்கும், உங்கள் வயலில் தேயிலை பிழைக்காது. ஊட்டியில் ஹைட்ரேஞ்சியா பூக்கள் நீலமாகப் பூப்பதும் அந்த அமில மண்ணால்தான். மண்ணில் உள்ள அலுமினியம் கரைந்து செடிக்குள் போவதால் வரும் நீலம் அது.

பி.எச். 7 நடுநிலை, 6 அமிலம். ஒரே ஒரு எண்தானே வித்தியாசம், அவ்வளவு பெரிய மாற்றமா?
– பத்தாம் வகுப்பு மாணவி, பெரம்பலூர்

பத்து மடங்கு மாற்றம். ஒவ்வொரு எண் இறங்கும்போதும், அமிலத்தன்மைக்குக் காரணமான ஹைட்ரஜன் அயனியின் செறிவு பத்து மடங்கு கூடுகிறது. இரண்டு எண் என்றால் நூறு மடங்கு. தயிரின் பி.எச். ஏறக்குறைய 4.5, எலுமிச்சைச் சாற்றின் பி.எச். 2.5க்குப் பக்கத்தில். கணக்குப் போட்டுப் பார். நம் ரத்தம் 7.35க்கும் 7.45க்கும் நடுவில் நிற்க வேண்டும், அந்தக் குறுகிய வரம்பை விட்டு விலகினால் உடம்பு தாங்காது. பல்லின் மேற்பூச்சு ஏறக்குறைய 5.5க்குக் கீழே போனால் கரையத் தொடங்கும். கோலா பானங்கள் 2.5 அளவில் இருக்கின்றன, இதை உன் தம்பி தங்கைகளுக்கும் சொல்.

இந்த அளவுகோலைக் கொண்டுவந்தவர் சோரன்சன், ஆண்டு 1909. கோபன்ஹேகனில் கார்ல்ஸ்பெர்க் என்ற பீர் ஆலையின் ஆய்வகத்தில் வேலை பார்த்தவர். நொதிகள் எந்த அமிலத்தன்மையில் நன்றாக வேலை செய்கின்றன என்று ஆராயும்போது, 0.0000001 போன்ற எண்களை ஒவ்வொரு முறையும் எழுதுவதற்குப் பதிலாக 7 என்று எழுத வழி செய்தார். சுழியங்களை எண்ணிப் பார், ஏழாவது இடத்தில் 1 வருகிறது. அதைப் புரிந்துகொண்டால் மடக்கை அட்டவணைக்குப் பயப்பட வேண்டியதில்லை.

தேனீ கொட்டினால் சோடா உப்பு, குளவி கொட்டினால் வினிகர் என்று எழுதினால் மதிப்பெண் தருகிறார்கள். நிஜமாகவே தடவலாமா?
– ஒன்பதாம் வகுப்பு மாணவர், முசிறி

தேர்வில் நடுநிலையாக்கலுக்கு எடுத்துக்காட்டாக எழுது, தப்பில்லை. உடம்பில் அதை நம்பாதே. தேனீயின் நஞ்சு அமிலத்தன்மை உள்ளதுதான். ஆனால் வலிக்குக் காரணம் அந்த அமிலம் இல்லை, மெலிட்டின் என்ற புரதப் பொருள். காய்ந்த நஞ்சில் ஏறக்குறைய பாதி அதுதான். அது தோலுக்கு அடியில் இறங்கிவிட்டது, மேலே தடவும் சோடா அங்கே போகாது. கொடுக்கைச் சட்டென்று எடுத்துவிட்டு, சோப்புப் போட்டுக் கழுவி, ஐஸ் வை. முகம் வீங்கினாலோ மூச்சு வாங்கினாலோ ஒரு நிமிடமும் தாமதிக்காமல் மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

பித்தளைக் குடம் புளி போட்டால் பளபளக்கிறது. பித்தளைப் பாத்திரத்தில் தயிர் ஊற்றிவைத்தால் மட்டும் ஏன் திட்டுகிறார்கள்?
– கல்லூரி மாணவி, கும்பகோணம்

இரண்டிலும் நடப்பது ஒன்றே. புளியில் உள்ள டார்டாரிக் அமிலம் குடத்தின்மேல் படிந்த செம்பு ஆக்சைடையும் பச்சைக் களிம்பையும் கரைக்கிறது. நீங்கள் அதைக் கழுவிக் கீழே ஊற்றிவிடுகிறீர்கள். தயிரில் உள்ள லாக்டிக் அமிலமும் செம்பைக் கரைக்கும், ஆனால் அதை நீங்கள் சாப்பிடுவீர்கள். குமட்டலும் வாந்தியும் வரும். ஈயம் பூசுகிறவர் தெருவில் வந்தால் பாட்டி பித்தளைப் பாத்திரங்களை எல்லாம் எடுத்துப்போட்டது இதற்காகத்தான். அவர் உள்ளே பூசுவது வெள்ளீயம், புளிப்புக்கும் செம்புக்கும் நடுவில் ஒரு திரை.

எங்கள் அப்பத்தா வெற்றிலை போட்டால் வாய் சிவக்கிறது. வெற்றிலை பச்சை, பாக்கு பழுப்பு, சுண்ணாம்பு வெள்ளை. சிவப்பு எங்கிருந்து வருகிறது?
– ஆறாம் வகுப்பு மாணவன், புதுக்கோட்டை

பாக்கிலிருந்து வருகிறது, தம்பி. பாக்கில் துவர்ப்புத் தரும் பொருள்கள் இருக்கின்றன. சுண்ணாம்பு வாயில் காரத்தன்மையை உண்டாக்கியதும், அவை காற்றில் உள்ள ஆக்சிஜனோடு சேர்ந்து சிவப்பாக மாறுகின்றன. நம்பிக்கை இல்லை என்றால் கொட்டைப்பாக்கைத் தூளாக்கி இரண்டு கிண்ணத் தண்ணீரில் தனித்தனியாக ஊறவை. ஒன்றில் மட்டும் சுண்ணாம்புத் தெளிநீர் விடு. சுண்ணாம்பைப் பெரியவர்களை விட்டுக் கரைக்கச் சொல், கண்ணில் பட்டால் ஆபத்து. எந்தக் கிண்ணம் சிவக்கிறது, எவ்வளவு நேரத்தில் சிவக்கிறது என்று எழுதிவை. மஞ்சள் போல இது எலுமிச்சைக்குப் பழைய நிறத்துக்குத் திரும்புகிறதா என்றும் பார்த்து எனக்கு எழுது.

இன்னொன்றையும் அப்பத்தாவிடம் சொல்ல வேண்டும். என் அம்மாவும் வெற்றிலை போட்டவர்தான், கடைசி ஆண்டுகளில் வாய் திறக்க முடியாமல் சிரமப்பட்டார். பாக்கு, புகையிலை சேராவிட்டாலும், புற்றுநோய் உண்டாக்கும் பொருள் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு வகைப்படுத்தியிருக்கிறது. சுண்ணாம்பின் காரம் பாக்கில் உள்ள அரிகோலின் என்ற பொருளை வாயின் சதைக்குள் எளிதாகப் போகும் வடிவத்துக்கு மாற்றுகிறது. அப்பத்தா வாயில் வெள்ளைத் திட்டோ, ஆறாத புண்ணோ, உறைப்பு பட்டால் தாங்க முடியாத எரிச்சலோ இருந்தால் பல் மருத்துவரிடம் அழைத்துப்போகச் சொல்லி அப்பாவிடம் சொல். இந்த வாரமே சொல்.